ஒத்திகை

இரவு பத்தரை. குடியாத்தத்தில் கரண்ட் இருக்கிறது.
ஃப்ரைபெர்க்கில் மாலை ஆறு, வெளியே பனி என்கிறாய்.
போனைச் சொம்பில் சாய்த்து வைத்து
நாற்பது பேருக்குப் பதிலாக
நான் ஒருவன் உட்கார்ந்திருக்கிறேன்.

"கேள்வி கேளுண்ணா. கஷ்டமா கேளு.
இங்க புரொபசருங்க அப்படித்தான் கேப்பாங்க."
எனக்கு இன்னா தெரியும் அமுலு,
பதினோரு அரியரோடு வெளியே வந்தவன்.
குரோமியம் என்றால்
பேரணாம்பட்டு தாண்டும்போது பஸ்ஸில் மூக்கைப் பொத்துவோமே,
அவ்வளவுதான்.

ஆரம்பிக்கிறாய்.
பாலாற்றுக் கரையில் நீயே குனிந்து அள்ளிய மண்,
பதினெட்டு புட்டி, ஒவ்வொன்றின் கழுத்திலும் தேதி.
"சாரி, இந்த கிராஃப் கொஞ்சம் சின்னதா இருக்கு."
"சாரி, மறுபடி சொல்றேன்."
"சாரி, என் இங்கிலீஷ்..."
வேறு வேலை இல்லாததால் எண்ணத் தொடங்கினேன்.
பன்னிரண்டு நிமிடம். பதினான்கு சாரி.

ஏழாவதில் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.
அது இந்த அறையில் பழகிய சாரி.

ஃபேன் இருந்த ஒரே அறை.
கதவைச் சாத்திக்கொண்டு நான் படித்தேன், அதாவது
படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.
உன் புத்தகங்கள் என் பீரோவின் அடித்தட்டில்.
கதவை ஒரு சாண் திறப்பாய். சாரிண்ணா.
குனிந்து எடுப்பாய்.
வெளியே போகும்போது இன்னொன்று,
கதவு கிறீச்சிட்டதற்கு.
அடுப்படியில் அரிசி மூட்டை மேல் நோட்டை வைத்து எழுதி எழுதி
மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தாய்.
அன்றைக்கு எனக்கும் சேர்த்து ஸ்வீட் வாங்கினார்கள்,
நான் எதில் பாஸானேன் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குக் காட்பாடிப் பக்கம் பேமென்ட் சீட்:
அம்மாவின் கம்மல், ஆரம், இரண்டு தறி.
உனக்கு அரசுக் கல்லூரி, டவுன் பஸ், இலவசப் பாஸ்.
"ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் படிக்க வச்சோம்" என்பார் அப்பா.
பொய் சொல்லத் தெரியாத மனிதர்,
அதை நம்பித்தான் சொல்கிறார்.
அவர் மஞ்சள்பையில் அடகு ரசீது ஒன்பது இருக்கிறது.
ஒன்பதும் என் கணக்கு.

உனக்கு விசா வந்தது வைகாசியில், சிரசு அன்று.
அம்மன் தலையைச் சுமந்து போகிற கூட்டத்தில்
சட்டை கிழிய இடிபட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.
"இனிமே இவ தலை கால் புரியாம ஆடுவா பாரு" என்றார் சித்தப்பா,
கையில் இன்னும் பிரசாதத் தேங்காய் மூடி.
யாரும் சிரிக்கவில்லை.
நான் சிரித்தேன்.
இத்தனை நாள் கழித்துச் சொல்கிறேன்,
அவர் பக்கம் நின்றுதான் சிரித்தேன்.

முடித்துவிட்டு, "எப்படி இருந்துச்சு?" என்கிறாய்.
சொல்ல வந்தது வேறு. வாயில் வந்தது எண்ணிக்கை.
நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன்,
அவ்வளவு நேரம் நீ அசையவில்லை.
"பதினாலா?"
"ம்."
ஒரு வாய் தண்ணீர் குடித்தாய்.
"முதல்லேர்ந்து வரேன். எண்ணு."

ஒன்பது.
அப்புறம் ஆறு, அதில் ஒன்று தும்மலுக்கு.
பன்னிரண்டரைக்கு மேல் நான் தூங்கிவிட்டேன்.
காலையில் பார்த்தால் போன் சார்ஜ் தீர்ந்து கிடக்கிறது.
எதுவரை பேசினாயோ.

அடுத்த நாள் நீ கூப்பிடவில்லை.
அதற்கு மறுநாள் விடியலில் மெசேஜ்:
"ஒரே ஒரு சாரி. வெளிய வரும்போது ஒருத்தர் காலை மிதிச்சிட்டேன்."

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.
பாலைக் கிளறியபடி, "தொட்டுக் கும்பிட்டாளாமா?"
"தெரியலம்மா."
"சரி, வுடு." கொஞ்ச நேரம் கழித்து,
"இன்னாதான் பேசினாளாம் அவ்ளோ நேரம்?"

பதினெட்டு புட்டி மண் என்று ஆரம்பித்தேன்.
மூன்றாவது வாக்கியத்தில் நின்றுபோனேன்.
அம்மா அடுப்பை அணைத்தாள்,
முந்தானையில் கையைத் துடைத்தாள்,
என்னிடமிருந்து போனை வாங்கிச்
சொம்பில் சாய்த்து வைத்தாள்.