அரசன் எனக்கு நாலு காசு பாக்கி

உப்பளத்திலிருந்து மலையடி மடம் வரைக்கும்
பதினோரு நாள் நடை.
சுங்கம் ஒன்பது.

முதல் பாலம் அம்பிளாருடையது.
கழுதைக்கு ஒரு காசு, மூட்டைக்கு ஒரு காசு,
பாலத்தில் விட்டை போட்டால் அரைக்காசு.
இரண்டாவது அவன் மைத்துனனுடையது.
அம்பிளாரின் காசு அங்கே செல்லாது;
மாற்றித் தருகிற மேசையும் மைத்துனனுடையதே.
மூன்றாவதில் பாலமே இல்லை.
இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கடந்தால்
அக்கரையில் ஒருவன் கை நீட்டுகிறான்,
இருந்திருக்க வேண்டிய பாலத்துக்கு.

எல்லாக் காசிலும் அரசன் பெயர்தான்.
இப்போதைய அரசன் இல்லை, அவன் தகப்பனும் இல்லை,
எங்கள் கல்லறைகளைவிடப் பழைய எவனோ.
அச்சு வெட்டும் தட்டானுக்கு எழுத்துத் தெரியாது.
பழைய அச்சைப் பார்த்துப் பார்த்து வெட்டியதில்
வளைவெல்லாம் கொம்பாகி
கொம்பெல்லாம் புள்ளியாகிவிட்டன.
பாதிரியாரிடம் காட்டி
என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.
வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு
"வெள்ளி குறைவு" என்றார்.

காட்டில் முயல் அடித்தால் அம்பிளார் விசாரிப்பான்,
கலியாணம் என்றால் அம்பிளாரைக் கேட்க வேண்டும்.
அரசனை எங்களுக்கு ஜெபத்தில் மட்டும் பழக்கம்.
மழைக்கு அடுத்து,
ஆட்டு நோய்க்கு முன்னால் வருவான்.

ஐந்தாவது பாலம் விதவை ஆல்டியார்துடையது.
இலையுதிரும் மாதம், விடாத மழை.
என் முறை வந்தபோது
இருபது குதிரைகள் எனக்கு முன்னால் புகுந்தன.
கொடி நனைந்து கம்பத்தோடு ஒட்டியிருந்தது.
நடுக்குதிரையில் ஒருவன், கன்னம் வீங்கி,
தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தான்,
பிணத்துக்குக் கட்டுவதைப்போல.

"வழி விடு, அரசர்" என்றான் முன்னால் வந்தவன்.
சுங்கக்கார இத்தியே தொப்பியைக் கழற்றினான்.
சேற்றில் மண்டியிட்டான்.
மண்டியிட்டபடியே கையை நீட்டினான்.

கொடுத்த காசு பளபளவென்றிருந்தது.
பாரிசில் அடித்தது, பெயர்கூடத் தெளிவாக இருந்ததாம்.
"இது இங்கே செல்லாதே, ஐயா.
எங்கள் அம்மா அடித்ததுதான் செல்லும்."

ஒருவன் வாளில் கை வைத்தான்.
அரசன் அண்ணாந்து பார்த்தான்
கோட்டைச் சுவரின் மேல் நின்ற வில்லாளிகளை.
எண்ணினான் என்று நினைக்கிறேன்,
உதடு அசைந்தது.
பிறகு வேண்டாமென்று கையசைத்தான்.

மேசையில் மாற்றியும், பைகளைக் கவிழ்த்தும்
நாலு காசு குறைந்தது.
என் மூட்டை கரைந்துகொண்டிருந்தது.
நான் கொடுத்தேன்.

எழுத்தன் ஒரு தோல்துண்டில் கடன் எழுதினான்.
பெயர் கேட்டான். எர்மெங்கார்ட் என்றேன்.
"யாருடைய ஆள்?"
மழைச் சத்தத்தில் காதில் விழாதவள்போல நின்றேன்.
மெழுகை உருக்கி முத்திரை வைத்தான்.
நாற்காலியில் ஒரு சின்ன மனிதன், கையில் பூ.

"அதில் உப்பா?" என்றான் அரசன், வாய் கோணி.
ஒரு பிடி கொடுத்தேன்.
கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டான்.
கண்ணில் நீர் முட்டியது.
உப்பிட்டவளை உள்ளளவும் நினைப்பானோ என்னவோ,
அந்த ஒரு பிடிக்கு மட்டும்
யாரும் சுங்கம் கேட்கவில்லை.

ஏழாவது பாலத்தில் முத்திரையைக் காட்டினேன்.
காவலன் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.
"அரசனுடையது" என்றேன்.
"எந்த ஊர் அரசன்?"
நாலு காசுக்கு மெழுகை மட்டும் எடுத்துக்கொள்வானா
என்று கேட்டும் பார்த்தேன். மாட்டானாம்.

தோல்துண்டு இப்போது
மூட்டையின் ஓட்டையை அடைத்திருக்கிறது.
உப்பு எழுத்தைத் தின்றுவிட்டது.

போன வாரம் அம்பிளாரே பாலத்துக்கு வந்தான்.
"நீ அரசனைப் பார்த்தாயாமே?"
"பார்த்தேன்."
"ஆள் எப்படி?"
"பல் வலி."

சிரிப்பான் என்று நினைத்தேன்.
தன் தாடையை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.
பிறகு மூட்டைகளை எண்ண ஆரம்பித்தான்.