நன்றிக் கடிதம்: மூன்றாவது வரைவு

அன்புடையீர்,
பெட்டி வந்து சேர்ந்தது.
துறைமுகத்தில் பதினொரு கிழமை கிடந்து,
எங்கள் அரிசிக் காசில் பாதியைச் சுங்கத்துக்குத் தின்று,
களுவாஞ்சிகுடிச் சந்தியில் அச்சு முறிந்த லொறியில்
ஒரு பகல் காய்ந்து,
பெரியகல்லாறு வந்து சேர்ந்தது.

(அரிசிக் காசு முதல் வரைவிலும் இருந்தது.
தலைவர் சிவப்பு மையால் வெட்டினார்.)

நாங்கள் கேட்டது பிறெயில் தாள்.
குத்தினால் கிழியாத,
தடவத் தடவப் புள்ளி அமுங்காத தாள்.
நீங்கள் அனுப்பியது
பேசும் கைக்கடிகாரம், இருபத்தாறு.
பேசுவது உங்கள் மொழி.

கச்சான் அனல் வீசிய மத்தியானம்
இருபத்தாறு மணிக்கட்டுகளிலிருந்தும்
ஒரே பெண் ஒரே நேரத்தில்
எதையோ அறிவித்தாள்.
சமையலுக்கு நிற்கும் ஞானவதி
அகப்பையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினா.

யதுஷிகாதான் முதலில் பிடித்தாள்:
சோறு மணக்கும்போது அவள் சொல்வது 'தொல்'.
நுளம்புவலை இறக்கும்போது 'ஒட்டெ'.
இப்போது பசித்தால்
"தொல் ஆகல்லியா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஆனால் எண்ணுக்கு முன்னால்
ஒவ்வொரு முறையும் அவள் 'ஆர்' என்கிறாள்.
உங்கள் மொழியில் அதற்கு என்ன பொருளோ.
எங்களுக்கு அது கேள்வி.
"நான்தான், அக்கரைப்பற்று ஹம்தான்" என்று
மணிக்கொருதரம் மணிக்கட்டுக்குப் பதில் சொல்கிறான் அவன்.

வானில் வந்து இறங்குகிறவர்கள்
எத்தனை பேர் என்று கேட்பார்கள்.
பிறவியிலா, குண்டிலா என்று கேட்பார்கள்.
ஆர் என்று
கடிகாரம் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

(இதை இரண்டாம் வரைவில் வெட்டினார்.
இந்த வரைவை அவருக்குக் காட்டவில்லை.)

நீங்கள் கேட்ட படம் இணைப்பில்.
சிரிக்கச் சொன்னேன்.
"எந்தப் பக்கம் பாத்து, சேர்?" என்றார்கள்.
அதனால் இருபத்தாறு முகமும் இருபத்தாறு பக்கம்.

தாள் இன்னும் வேண்டும்.
அதுவரை வங்கி தந்த பழைய கலண்டரில் குத்துகிறோம்.
போன நவம்பரின் முதுகில் ஒன்று
இத்துடன் வருகிறது.
ஓரத்தில் கிழிந்திருப்பது
பிரவாகன் அழுத்திக் குத்திய இடம்.

பெயர்ப்பட்டியலைத் தனியே தட்டச்சு செய்யவில்லை.
மேசையில் வைத்து விரலால் தடவிப் பாருங்கள்.
ஆர் என்று கேட்டால் சொல்வார்கள்.
விளங்காவிட்டால் பரவாயில்லை.
எங்களுக்கும் முதல் கிழமை
ஒன்றும் விளங்கவில்லை.