ஏழு ஏழாகவே இருக்க

ஜுபைலில் ஜூலை.
ஏசி சொட்டும் தண்ணீருக்குப் பூனைகள் வரிசை கட்டும் நேரம்
ஹத்தாதின் மின்னஞ்சல் வந்தது:
கையேட்டின் முதல் அத்தியாயமாக
நிர்வாகத்தின் கொள்கைப் பிரகடனம் சேர்க்கவும்.
இரண்டரைப் பக்கம். ஞாயிறுக்குள்.

சேர்ப்பதில் என்ன, ஒரு வரி.
சேர்த்து ஓடவிட்டேன்.
பேருந்தில் ஆள் ஏறியதும் நகர்ந்து கொடுப்பது மாதிரி
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் நகர்ந்து கொடுத்தன.
ஒன்று இரண்டானது, ஏழு எட்டானது,
படங்களும் அட்டவணைகளும் 'காண்க'க்களும்
தத்தம் புது எண்ணைத் தாமே போட்டுக்கொண்டன.
இதற்காகத்தானே இந்த மென்பொருளைக் கட்டி அழுகிறேன்:
எண்ணை எழுதாதே, பெயர் வை,
எண்ணை அது பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொள்ளாத இடம் ஒன்று இருந்தது.
உவர்நீக்கி யூனிட் மூன்றில், பம்புக்குப் பின்னால்,
கான்கிரீட் தூணில், சிவப்புப் பெயிண்டில்,
ஒரு முழ உயரத்துக்கு
7.3.2.
கீழே தமிழ், இந்தி, உருது,
மூன்றிலும் எழுத்துப்பிழையோடு:
பார்த்துவிட்டுத் தொடு.

சவேரிமுத்து எழுதியது.
அந்த வால்வு இடம்புரி.
மற்றதெல்லாம் மூடும் பக்கம் இது திறக்கும்.
"டிராயிங்ல சரியாத்தான் இருக்கு சார்,
இரும்புலதான் தப்பு" என்பான்.

எட்டு மூன்று இரண்டென்று நான் அச்சுக்கு அனுப்பினால்
தூண் பொய் சொல்லும்.
7.3.2இல் இனி
கேன்டீன் கழிவுநீர்த் தொட்டி.

தூணை அழித்து எழுதச் சொல்லலாம்தான்.
அதற்கு அனுமதிச் சீட்டு, சாரம், பாதுகாப்பு அதிகாரி.
அப்புறமும் வாயில் ஏறிய எண்ணை யார் அழிப்பது?
ஷிஃப்ட் மாறும்போது யாரும் வால்வு என்பதில்லை.
"ஏழு மூணு ரெண்டுல யாரு?"
ஊர்ப்பெயர் கேட்பது போலக் கேட்கிறார்கள்.

ஆகவே எண்ணியை மைனஸ் ஒன்றில் வைத்தேன்.
ஓட்டப்பந்தயக் கோட்டுக்கு ஒரு அடி பின்னால்.
முதல் தலைப்பு வந்து ஒன்றைக் கூட்டியது.
நிர்வாகத்தின் கொள்கை:
அத்தியாயம் 0.
ஏழு அசையவில்லை.

ஹத்தாத் கூப்பிட்டார்.
"எங்கள் தலைவர் பூஜ்யமா?"
பூஜ்யத்திலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது என்றேன்.
நெடுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
"இதை அப்படியே முதல் வரியாகப் போடு" என்றார்.

அன்றிரவு இன்னொன்றும் செய்தேன், யாரும் கேட்காமல்.
எச்சரிக்கைப் பெட்டிகளுக்குச் சொந்தமாய் ஒரு கட்டளை.
கறுப்புக் கரை, தடித்த எழுத்து,
அத்தியாயம்தோறும் ஒன்றிலிருந்து எண்ணும்.
கட்டளைக்குப் பெயர் ஒன்று வேண்டும்.
பெயர் அச்சில் வராது, அதன் வேலைதான் வரும்.
பின்சாய்கோடு போட்டு
ஆங்கிலத்தில் ஆறெழுத்து: சவேரி.
நாற்பத்து மூன்று இடங்களில்.

அவனுக்குச் சொல்லவில்லை.
ஒப்பந்தம் பிப்ரவரியிலேயே முடிந்து
யான்புவில் வேறு கம்பெனிக்குப் போயிருந்தான்.
அடுத்த வருடம் நானும் அல்கோபாருக்கு மாறினேன்.

நேற்று ஒரு போன்.
என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பையன்,
பாலக்காட்டுத் தமிழ்.
"அண்ணா, ஃபைல் ஓட மாட்டேங்குது.
வரி ரெண்டாயிரத்து நூத்திப் பதினெட்டுல நிக்குது.
நீங்க எழுதி வெச்ச ஸ்டைல் ஃபைலை
யாரோ தொலைச்சுட்டாங்க போல.
இப்படி ஒரு கட்டளையே இல்லைங்குது.
ஆமா,
யாருண்ணா இந்த சவேரி?"