மீட்டரில் இல்லாத சத்தம்

புகார்ப் புத்தகத்தில் நாற்பத்தோராவது வரி:
மீட்டர் பெட்டியில் பொறி விடுகிற சத்தம்.
வண்டிப்பாளையம். கெடிலத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் வீடு.
புதுக் குடித்தனம். பெயர், சம்சாத் பேகம்.

இரவெல்லாம் பெய்திருந்தது.
ஈரச் சுவரில் டெஸ்டரை வைக்க எனக்கே பயம்.
கையுறை மாட்டி, மெயினை இறக்கி,
மூடியைத் திறந்தால் உள்ளே
ஒரு பல்லி, யாரோ மடித்துச் செருகிய பழைய ரசீது.
மின்சாரம் போன வீட்டில்
செக்.
கொஞ்சம் பொறுத்து, செக். செக்.
"கேட்டீங்களா" என்றார் அந்த அம்மா
திருடனைக் காட்டிக் கொடுக்கிற குரலில்.

பெட்டிக்குப் பின்னால் மருதாணி வேலி.
காற்றே இல்லை. ஓர் இலை மட்டும் ஆடியது.

எனக்கு இந்த வழக்கு பழசு.
மூன்று வருடம் முன்பு, முதுநகர்ப் பக்கம்,
இதே சத்தத்தைத் தேடி
ஓர் இன்சுலேட்டரை மாற்றியே விட்டோம்.
கழற்றியது நல்ல இன்சுலேட்டர்.
மறுநாள் விடிந்ததும் பழையபடி செக்.

போனில் பதிந்து குணவதிக்கு அனுப்பினேன்.
கல்லூரியில் விலங்கியல் ஆய்வகம் அவளுக்கு;
என்னோடு பத்தாவது வரை படித்தவள்.
பச்சைக் கதிர்குருவி என்று நானே பெயரும் வைத்திருந்தேன்.
"பச்சை மேல்கிளையில் நிற்கும்.
சி-ச்சுவீ என்று உடைத்துக் கூப்பிடும்.
இறக்கையில் நகத்தால் கீறின மாதிரி ஒரு வெளிர்கோடு.
உன்னுடையது உன் இடுப்புக்கு மேல் ஏறியதா?"
ஏறவில்லை.
"புருவம்?"
கண்ணைத் தாண்டுவதற்குள் தீர்ந்துபோகிறது.
"நிறம்?"
ஆறிப்போன டீ.
"அப்போ பிளித் நாணல் கதிர்குருவி.
பெயரை நம்பி நாணலில் போய்த் தேடாதே,
அது புதரில் இருக்கும்.
அப்புறம், உன் பதிவில் முக்கால்வாசி லாரி ஹாரன்."

அம்மாவிடம் இதில் எவ்வளவு சொல்வது?
எடை பத்துப் பன்னிரண்டு கிராம்,
ஒரு ஃபியூஸ் கட்டைக்கு ஈடாக எட்டுக் குருவி வைக்கலாம்.
ரஷ்யக் காட்டோரப் புதரில் முட்டை உடைத்து வெளியே வந்து
இரவு இரவாகப் பறந்து
இந்த ஆறடி மருதாணியைத்
தன் பெயருக்கு எழுதிக்கொண்டிருக்கிறது.
இன்னொன்று நுழைந்தால் துரத்தும்.
அந்தச் செக், எல்லைக்கல் நடுகிற சத்தம்.
அடுத்த ஐப்பசிக்கும் இதே வேலிக்கு வரலாம்
வேலி இருந்தால். அது இருந்தால்.

ஒன்றும் சொல்லவில்லை.
"அஞ்சு நிமிஷம் அசையாம நில்லுங்க" என்றேன்.
நின்றார். உள்ளே பால் பொங்கி வழிகிற வாசம்.
அதற்கும் அசையவில்லை.

வந்தது.
தட்டை நெற்றி, முகத்துக்குக் கொஞ்சம் நீளமான அலகு,
வாலை ஒருமுறை விரித்து மூடி
இலைக்கு அடியிலிருந்து ஒரு சிலந்தியை உருவிக்கொண்டு
உள்ளே போய்விட்டது.

"இதுவா?"
"இதுதான்."
"எப்போ நிக்கும்?"
"ஏப்ரல் கடைசியில கிளம்பிடும்.
அதுக்கு முன்னால சில நாள் வேற மாதிரி பாடும்,
தொண்டைக்குள்ளேயே,
ஊர்ப் பறவைங்க குரலெல்லாம் திருடிச் சேர்த்து.
அதுக்குப் புகார் எழுதாதீங்க. எனக்குப் போன் போடுங்க."

அலுவலகத்தில் புத்தகத்தை விரித்தேன்.
பழுதின் தன்மை: பழுது இல்லை.
எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
"பார்த்தோம்" என்று எழுதினால்
பொறியாளர் என்ன கேட்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது
போன் அடித்தது. வண்டிப்பாளையம்.

"தம்பி, மெயினை ஏத்தாம போயிட்டீங்க.
வீட்ல கரண்ட் இல்ல.
சத்தம் மட்டும் இருக்கு."

நாற்பத்திரண்டாவது வரி.