எழுபதாவது நிமிடம்

பெனின் நகரில் மழை விட்ட சனிக்கிழமை.
கேசட்டைத் திருப்பித் தரவந்த இசோக்கென்
கல்லாப்பெட்டிமேல் கையூன்றிச் சொல்கிறாள்:
"அந்த மாமியாரை மன்னிக்கவே மாட்டேன்.
இரண்டாம் பாகம் எப்போ வரும்?"

போன வாரம் எடுத்துப்போன
வெல்டர் ஒசாரேட்டினுக்கோ மாமியார்தான் நாயகி.
"அவளைப்போல அழ எவளால் முடியும்?
மூன்று தடவை பார்த்தேன்,
ஜெனரேட்டரில் பெட்ரோல் தீரும்வரை."

ரிவைண்ட் செய்யாததற்கு
இசோக்கெனுக்கு இருபது நைரா அபராதம்.
கட்டிவிட்டு வாசலில் நின்று
அவனோடு மறுபடி சண்டை.

கடை சாத்தியபின் போட்டுப் பார்த்தேன்.
எழுபதாவது நிமிடம்,
மருமகள் கதவைத் திறக்கும் இடத்தில்
திரையெல்லாம் வெள்ளைக் கோடு.
எத்தனை வீட்டில் அங்கே நிறுத்தி,
பின்னால் ஓட்டி,
திரும்பவும் திறக்க வைத்தார்களோ.

அவள் முகமே தெரியவில்லை.
கதவு கிறீச்சிட்டது மட்டும் கேட்டது.

நானும் ஒருமுறை
பின்னால் ஓட்டினேன்.