கொண்டை

இன்னும் கட்டாத சமையலறைகளுக்கு
வெளிச்சம் போடுவது என் தொழில்.
இல்லாத ஜன்னல் வழியே
காலை பத்து மணி வெயிலைக்
கணினியில் இறக்கி
கல்மேடைமேல் ஓர் எலுமிச்சையை வைப்பேன்.
எலுமிச்சையில் ஒரு கீறல் போடுவேன்.
கீறல் இருந்தால் நம்பிவிடுவார்கள்.

அதனால்தான் கலாமாவில்
ரோசெந்தோவின் பஞ்சர் கடைக்கு
அன்றிரவு என்னைக் கூப்பிட்டார்கள்.
"பொய் செய்யத் தெரிந்தவள் நீ, நினோஸ்கா.
பொய்யா என்று பார்த்துச் சொல்."

மூன்று படங்கள்.
எடுத்தவன் எலியூதேரியோ,
சுரங்கத்துக்கு அமில லாரி ஓட்டுகிறவன்.
போன செவ்வாய், சூரியன் விழுந்து பத்து நிமிடம்,
இருபத்துநாலாம் கிலோமீட்டர் கல்.
பாலைவனம். மின்கம்பி.
கம்பிக்குப் பின்னால்
கவிழ்த்த வாணலிபோல் ஒன்று.

அதில்பெர்த்தோ ஆரம்பித்தார்.
விமானப்படையில் முப்பது வருடம் ரேடார் பார்த்தவர்.
ஒன்றையும் பார்க்காததற்கு
மாதாமாதம் பென்ஷன் வருகிறது.
"கம்ப்யூட்டர் வேலை" என்றார்,
படத்தைக் கையில் வாங்கும் முன்பே.

பிலோமேனா மலைமேல் வானாய்வு நிலையத்தில்
சூப் வைக்கிறவள்.
"அத்தனை பெரிய கண்ணாடி வைத்து
இரவெல்லாம் பார்க்கிறார்கள் அந்த டாக்டர்கள்.
உப்பு குறைவு என்பார்கள்.
தட்டு பறந்தது என்று
ஒருவர்கூடச் சொன்னதில்லை."

"அவர்கள் தூரம் பார்க்கிறவர்கள்,
இது கிட்டத்தில் வந்திருக்கிறது"
என்றான் ரோசெந்தோ, டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி.
குமிழி வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டான்.
எதையும் அப்படித்தான் நம்புவான் அவன்.

தீர விசாரித்தோம்,
பீர் தீரும்வரை.
பலூன், கண்ணாடியில் விழுந்த விளக்கு,
அமெரிக்காக்காரன், அர்ஜென்டினாக்காரன்.
எலியூதேரியோ மட்டும்
ஒரு நட்டைத் திருகித் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தான்
எதிலிருந்தும் இல்லாமல்.

நான் பெரிதாக்கினேன்.
மங்கிய ஒளியில் எடுத்த படத்தில்
புழுதிபோல் ஒன்று படிந்திருக்கும்.
ஒட்டவைத்த பொருளில் அது இருக்காது,
இருந்தாலும் வேறு ஊர்ப் புழுதியாக இருக்கும்.
வாணலியில் இருந்தது இதே புழுதி.
அடிவயிற்றில் மணலின் செம்மை.
மேற்கு விளிம்பில் மட்டும் ஒரு நூல் வெளிச்சம்.
சம்பளம் தந்தாலும் எனக்கு மூன்று நாள் ஆகும்,
அப்போதும் அந்தக் கம்பியின் நிழலை
மறந்திருப்பேன்.

சொல்ல வாயெடுத்தேன்.
அப்போதுதான் அடிவானத்துக்கு இறங்கினேன்.

சேவல் குன்றுக்குக்
கொண்டை இருந்தது.

ஐந்து பல்லும் இருந்தன.
நான்கு வருடம் முன்பு
சுரங்கம் தின்ற கொண்டை.
மாலை ஐந்து மணிக்கு வெடி,
ஜன்னல்கள் நடுங்கும்,
மறுநாள் ஒரு பல் குறையும்.
அதை அள்ளிப்போன வண்டிகளுக்கு
டயர் மாட்டியவன் ரோசெந்தோ.
இத்தனை நேரம்
ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வெட்டின ஓரம் தெரிந்தது.
புழுதி வேறு வருடத்துப் புழுதி.
"குன்று பொய்" என்றேன்.

அதில்பெர்த்தோ தொடையைத் தட்டினார்.

"குன்றை நான்தான் வைத்தேன்"
என்றான் எலியூதேரியோ.
"பழைய படத்திலிருந்து எடுத்தேன்.
அது இல்லாமல் பார்த்தால்
எந்த ஊர் என்றே தெரியவில்லை.
எங்கேயோ வந்ததுபோல் இருந்தது.
மேலே இருப்பதை நான் தொடவில்லை."

சிரித்தார்கள். பிலோமேனாகூட.
ஒரு பொய் போதும், மூட்டையே பொய் என்றார் அதில்பெர்த்தோ.
"குன்று வைக்காத படம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.
"அழித்துவிட்டேன்.
அது நன்றாக இல்லை."

வீட்டுக்கு வரும் வழி அதுவல்ல.
ஆனாலும் இருபத்துநாலாம் கல்லில் வண்டியை நிறுத்தினேன்.
கொஞ்ச நேரம் மேலே பார்த்தேன்.
நட்சத்திரம் தவிர ஒன்றுமில்லை,
குளிர் காதைக் கடித்தது.
அப்புறம் எதிரே பார்த்தேன்.
சுரங்க விளக்குகளின் வெளிச்சத்தில்
வழவழவென்று மட்டமாகக் கிடந்தது குன்று,
கல்மேடைபோல்.

ஓர் எலுமிச்சை வைக்கலாம்.
கீறலோடு.