மூளிப் பல்

பீடோங் பழைய இரும்புக் கடையில்
லியோங் மைலோ டின்னைக் கவிழ்த்தார்.
எஸ்டேட் மெஷின் ஷெட்டை ஏலத்தில் எடுத்தபோது
கூடவே வந்ததாம்.
"பேர் சொன்னா தனித்தனி விலை, குணவதி.
சொல்லாட்டி கிலோ ஒண்ணேகால் வெள்ளி."

சனிக்கிழமை. பட்டறை அரைநாள்.
வெர்னியரோடு உட்கார்ந்தேன்.

முதலில் சாணைக்கல். பொறி பொய் சொல்லாது.
வெள்ளையாய்ப் பூத்து வெடித்தால் கரிமம் கூடிய எஃகு,
மங்கிய சிவப்பில் நூலாய் ஓடினால் ஹைஸ்பீடு.
இது டாப். இது ரீமர், ஆறு பல்,
இடைவெளி வேண்டுமென்றே சமமில்லை, அதிராதிருக்க.
இது கியர் கட்டர், கன்னத்திலேயே எண்.
இந்தக் கொக்கியை இரண்டு முறை தப்பாகச் சொன்னேன்;
மரையைச் சீவித் திருத்தும் சேசர்.

கடைசியாக ஒன்று.
கம்பெனி முத்திரை இல்லை.
அரத்தை உடைத்து யாரோ கையால் தீட்டியது.
முக்காலங்குலத்துக்கு மயிரிழை கூட,
நுனி தட்டை. தண்டில் ஆழத்துக்கு ஒரு கோடு.
பல் இரண்டு, ஒன்றில் மூளி.
இடுக்கில் ஊசியால் கிளறினேன்:
மஞ்சள் துகள்.

"அந்த லோரியில் பித்தளை ஏதாவது வந்ததா?"
லியோங் கதவுக்கு முட்டாய்க் கிடந்த
எடைக்கல்லைக் காலால் தள்ளினார்.
பால் ஸ்டோர் கல். இரண்டு ராத்தல்.
டிஜிட்டல் தராசில் தொள்ளாயிரத்து ஏழு காட்டவேண்டும்.
தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று.

அடியில் ஈயம் வைப்பது வழக்கம்தான்,
திருத்தத்துக்கு, துளியூண்டு.
ஊதுவிளக்கைக் காட்டினேன்.
மூடி கழன்று ஈயம் வழிந்தது,
வழிந்துகொண்டே இருந்தது.

ஆறியதும் கட்டரை இறக்கினேன்.
ஆடவில்லை. கோடு வரை போய் நின்றது.
அதை எடுத்துவிட்டுக் கம்பியால் துழாவினால்
குழியின் தரையில் மெல்லிய வளையமாய் ஒரு மேடு:
மூளி வெட்டாமல் விட்ட இடம்.

நாற்பத்து நான்கு கிராம்.
எதிர்த்தட்டில் பால் வாளி.

லியோங் கால்குலேட்டரை எடுத்தார்.
"ஒரு ஆளுக்கு எத்தனை கல் வைப்பாங்க?"
உத்தேசமாய்ச் சொன்னேன்.
"எத்தனை பேரு?"
நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.
"எத்தனை வருஷம்?"
பெருக்கல் பொத்தான்மேல்
விரல் அப்படியே நின்றது.

"கிலோ விலையில போட்டுடவா?"
வேண்டாம், இரண்டையும் பிரிக்காமல்
ஒரே டின்னில் வையுங்கள் என்றேன்.
காற்றில் கதவு அடித்துக்கொண்டது.
எழுந்துபோய் ஒரு செங்கல்லைத் தேடி
முட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.